கணவாய்க் காற்றும் காதின் கணக்கும்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இரண்டு வட்டாரங்கள் உண்டு. ஒன்று பாலக்காட்டுச் சமவெளி. வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்கள் அதன் வாயில்கள். மற்றொன்று இடுக்கி மலைநாடு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மறையூர் ஆகியவை அதன் வாயில்கள். இவ்விரு வட்டாரங்களிலும் நம் வாடிக்கையாளர்கள் பலர் நாள்தோறும் மாநில எல்லையைக் கடந்து தொழிலுக்குச் செல்கின்றனர். கோவையின் தொழிற்கூடங்களுக்குச் செல்வோர், பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்வோர், ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கணக்கர்கள், மேற்பார்வையாளர்கள், வசூல் பணியாளர்கள், விற்பனைப் பிரதிநிதிகள் எனப் பட்டியல் நீளும். இவர்களில் பெரும்பாலோருக்கு உறுதுணை இருசக்கர வாகனமே.

வாகனம் வாங்கும்போது விலை, தவணை, எரிபொருள் சிக்கனம், காப்பீடு ஆகியவற்றை நாம் கணக்கிட்டுப் பார்க்கிறோம். ஆனால் ஒரு செலவு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அது செவித்திறனில் ஆண்டுதோறும் கழிந்துகொண்டே வரும் சிறு தொகை. இந்தக் கழிவு வலியின்றி நிகழ்வதால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே நம் கவனத்துக்கு வருகிறது. அப்போது திரும்பப் பெற வழியில்லை. ஆகவே இந்த இழப்பு எவ்வாறு நேர்கிறது, அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

டெசிபல் என்னும் அளவுகோல்

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 20 டெசிபல் கூடினால் நூறு மடங்காகிறது. வெறும் 3 டெசிபல் கூடினாலே ஆற்றல் இரு மடங்காகிவிடும். எனவே 90 டெசிபலுக்கும் 93 டெசிபலுக்கும் இடையிலான வேறுபாடு எண்ணில் சிறிதாகத் தோன்றினாலும் செவிக்கு அது பெரிது.

பணியிட இரைச்சல் குறித்து அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 85 டெசிபல் ஒலியை ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 91 டெசிபலுக்கு 2 மணி நேரம், 94 டெசிபலுக்கு 1 மணி நேரம், 97 டெசிபலுக்கு 30 நிமிடம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். ஒலியின் அளவும் அதைக் கேட்கும் நேரமும் சேர்ந்தே செவியின் அன்றாட வரவுசெலவை முடிவு செய்கின்றன. இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் நன்மை உண்டு. இரண்டும் கூடினால் சேதம் விரைவாகச் சேரும்.

பாலக்காட்டுப் பக்கம்: காற்றே இரைச்சல்

இருசக்கர வாகனத்தின் இரைச்சல் என்றவுடன் எஞ்சினும் சைலன்சரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் திறந்த நெடுஞ்சாலையில் ஓட்டுநரின் காதில் மிகுதியாக விழுவது அவையல்ல. தலைக்கவசத்தைச் சுற்றி உடைந்து சுழலும் காற்றின் ஓசையே.

பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்கவசத்துக்குள், காதருகே நுண்ணிய ஒலிவாங்கியைப் பொருத்தி மருத்துவர்கள் அளந்து பார்த்தனர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றோசை ஏறத்தாழ 90 டெசிபலாக இருந்தது. 160 கிலோமீட்டரில் 110 டெசிபலை எட்டியது. மேற்கண்ட வரம்போடு இதை ஒப்பிடுவோம். 90 டெசிபலில் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் மட்டுமே பாதுகாப்பானது. வேகம் 100 கிலோமீட்டரை நெருங்கும்போது அந்த நேரம் அரை மணிக்கும் கீழே இறங்கிவிடும். வாகனம் எத்துணை அமைதியான எஞ்சினைக் கொண்டதாயினும் இந்தக் கணக்கு மாறாது. மின்சார வாகனத்துக்கும் இது பொருந்தும்.

இங்கு பாலக்காட்டுக் கணவாயின் தனித்தன்மையையும் கருத வேண்டும். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாயிலில் நெருங்கிப் புகுந்து கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை வரை வீசுகிறது. கஞ்சிக்கோட்டிலும், பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளிலும் காற்றாலைகள் எழுந்து நிற்பதற்கு இதுவே காரணம். பனிக்காலத்தில் திசை மாறி, கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டை நோக்கி வீசும்.

தலைக்கவசத்தில் எழும் ஓசையை முடிவு செய்வது வேகமானி காட்டும் எண் அன்று; காற்றும் தலைக்கவசமும் எதிர்ப்படும் வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர் மீது 35 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், அவர் காதைப் பொறுத்தவரை அவர் 95 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறார். ஆனி, ஆடி மாதங்களில் கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்கு மேற்கு நோக்கித் திரும்புவோருக்கும், மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டிலிருந்து கோவைக்குக் கிழக்கு நோக்கிச் செல்வோருக்கும் இதுவே நிலை. பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். போக ஒரு மணிக்கு மேல், வர ஒரு மணிக்கு மேல் என்று வாரத்தில் ஆறு நாட்கள் செல்பவர், எதிர்க்காற்றுள்ள மாதங்களில் செவியின் வரம்பை ஒவ்வொரு நாளும் மீறிக்கொண்டே இருக்கிறார்.

இந்த ஓசை தலைக்கவசத்துக்குள் எவ்வழியே நுழைகிறது? பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் தலைக்கவசத்தை வைத்து ஆராய்ந்து, தாடைப் பகுதிக்குக் கீழே உள்ள இடைவெளி முக்கியமான வாயில் என்று கண்டறிந்தனர். தலைக்கவசத்தின் மேற்புற ஓடு எவ்வளவு தடிமனாக இருப்பினும், கழுத்துப் பக்கம் திறந்திருந்தால் ஓசை அங்கிருந்து ஏறிவிடும். இதை அறிந்தால் தீர்வின் ஒரு பாதி கையில் கிடைத்ததாகும்.

இடுக்கிப் பக்கம்: எஞ்சினும் பாறைச் சுவரும்

இடுக்கி எல்லையில் நிலைமை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ ஓராயிரம் மீட்டர் உயரத்தை அப்பாதை ஏறி முடிக்கிறது. கூடலூரிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும் செல்லும் பாதைகளும் இத்தகையவையே. இங்கு மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்கு மேல் விரையும் இடங்கள் குறைவு. ஆகவே காற்றோசை அடங்கிவிடுகிறது. அதன் இடத்தை எஞ்சினும் சைலன்சரும் பிடித்துக்கொள்கின்றன.

ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் எஞ்சின் உயர் சுழற்சியில் உறுமுகிறது. ஒருபுறம் பாறைச் சுவர் அவ்வொலியைத் திருப்பி அனுப்புகிறது. சமவெளியில் சிதறிப்போகும் ஓசை இங்கே ஓட்டுநரிடமே மீண்டு வருகிறது. நிறுவனம் பொருத்திய சைலன்சர் நல்ல நிலையில் இருந்தால் இதனால் பெரிய கேடில்லை. அதைக் கழற்றிவிட்டு வெற்றுக் குழாயைப் பொருத்தியிருந்தால் நிலைமை அடியோடு மாறிவிடும்.

சைலன்சர் வெறும் புகைக்குழாய் அன்று. எஞ்சினிலிருந்து வெடிப்பு வெடிப்பாக வெளிவரும் புகையின் அழுத்த அலைகளை அறைகளுக்குள் விரியவிட்டு, தடுப்புகளில் மோதித் திரும்பவைத்து, துளைகளின் வழியே கடத்தித் தணிக்கும் கருவி அது. அந்த உள்ளமைப்பை அகற்றினால் வண்டிக்கு வலிமை கூடும் என்ற நம்பிக்கை இளைஞரிடையே பரவலாக உள்ளது. எஞ்சினின் எரிபொருள் அளவும் புகை வெளியேறும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் ஓசை மட்டுமே.

மலையில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஓராயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. செவிப்பறைக்கு உட்புறம் உள்ள காற்று, மூக்கின் பின்புறத்தோடு இணையும் மெல்லிய குழல் வழியாகச் சமநிலை அடைய வேண்டும். சளி பிடித்திருக்கும்போது அக்குழல் அடைபட்டிருக்கும். அதனால் காது அடைத்தாற்போலவும் வலிப்பது போலவும் இருக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதே இத்தொல்லை மிகுதி. எச்சில் விழுங்குவதும், கொட்டாவி விடுவதும், ஓரிடத்தில் நின்று சற்று நேரம் கழித்து இறங்குவதும் போதும். இந்த அடைப்பு அழுத்தத்தால் வருவது; விரைவில் நீங்கிவிடும். இரைச்சலால் வரும் அடைப்பு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி அலட்சியம் செய்வதே ஆபத்து.

செவிக்குள் நிகழ்வது என்ன?

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் மயிரிழை போன்ற நுனிகளைக் கொண்ட உணர்வணுக்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 உள்ளன. ஒலி அலை வரும்போது இவை அசைந்து அவ்வசைவை மின்குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. பெருங்காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல, பேரிரைச்சலில் இந்த நுனிகள் சாய்ந்துவிடுகின்றன. ஓய்வு கிடைத்தால் பெரும்பாலானவை நிமிர்ந்துவிடும். பயணம் முடிந்து இறங்கியதும் காது மந்தமாக இருப்பதும், சில மணி நேரத்தில் தெளிவதும் இதனால்தான். ஆனால் நாள்தோறும் இது தொடர்ந்தால் சில அணுக்கள் மடிந்துபோகும். மனிதருக்கு இவ்வணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

முதலில் பாதிக்கப்படுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உச்ச ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிக்கின்றன. மெய்யெழுத்துகளை, குறிப்பாக வல்லின எழுத்துகளைப் பிரித்தறியும் நுட்பம் உச்ச ஒலிகளில் இருக்கிறது. எனவே இத்தகைய இழப்புள்ளவருக்குப் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. ‘கட்டு’ என்றாரா, ‘தட்டு’ என்றாரா, ‘பட்டு’ என்றாரா என்று தடுமாறுவார். அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது குறை தெரியாது. திருமண மண்டபத்திலும், சந்தையிலும், ஏலக் கூடத்திலும் பலர் பேசும்போது மட்டும் தெரியும். பலரும் இந்நிலையில் எதிரில் இருப்பவர் வாய்க்குள் முணுமுணுப்பதாக நினைக்கிறார்களே தவிர, தம் செவியை ஐயுறுவதில்லை.

இழப்போடு சேர்ந்து வருவது காதிரைச்சல். வெளியில் ஒலியே இல்லாதபோதும் சீழ்க்கை போலவோ, சில்வண்டு போலவோ காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும். பகலில் மறைந்திருந்து, இரவில் படுக்கையில் தலை தூக்கும். உறக்கத்தைக் கெடுக்கும் இத்துன்பத்தை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

எளிய பாதுகாப்பு: செவியடைப்பான்

மிகுந்த பயனும் மிகக் குறைந்த செலவும் உடைய பாதுகாப்பு, காதுக்குள் பொருத்தும் செவியடைப்பான். மருந்துக் கடைகளிலும் தொழிற்பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளிலும் ‘இயர் பிளக்’ என்று கேட்டால் தருவார்கள். மெத்தென்ற நுரைப்பொருளால் ஆன ஓர் இணையின் விலை சில பத்து ரூபாய்களைத் தாண்டாது. சிலிக்கானால் ஆனவற்றைக் கழுவி நீண்ட நாள் பயன்படுத்தலாம்.

பஞ்சு இதற்கு மாற்றாகாது. பஞ்சின் இழைகளுக்கு நடுவே ஒலி எளிதில் புகுந்துவிடும். துண்டைக் காதோடு இறுகக் கட்டுவதும் குளிரைத் தடுக்குமேயன்றி இரைச்சலைத் தடுக்காது.

நுரை அடைப்பானைப் பொருத்தும் முறை வருமாறு. கையைக் கழுவிக்கொண்டு, அடைப்பானை விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரியாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் செவித்துளை நேராகும். அப்போது அடைப்பானை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை 20, 30 வினாடிகள் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் நம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் நமக்கே ஒலிக்கும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனும் பாதிதான். எடுக்கும்போது மெல்லத் திருகி எடுக்க வேண்டும், சட்டென்று இழுக்கலாகாது.

பெட்டியின்மேல் 30 டெசிபலுக்கு மேல் குறையும் என்று அச்சிட்டிருக்கலாம். அது ஆய்வுக்கூட அளவு. அன்றாடப் பயன்பாட்டில் அதில் பாதியை எதிர்பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது. அந்தப் பாதியும் பெரிய உதவியே. காதில் 98 டெசிபல் விழும் இடத்தில் 15 டெசிபல் குறைந்தால் 83 ஆகும். அரை மணி நேரம்கூடத் தாங்க முடியாத ஓசை, நாள் முழுவதும் தாங்கத்தக்க ஓசையாகிறது.

செவியடைப்பான் அணிந்தால் பின்னால் வரும் வண்டியின் ஒலிப்பான் கேட்காதே என்று பலர் அஞ்சுகின்றனர். இயல்பான அச்சமே. ஆனால் அடைப்பான் காற்றோசையையும் ஒலிப்பானையும் ஒருசேரக் குறைக்கிறது. காற்றோசைக்கும் ஒலிப்பானுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியே நிற்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில், இயல்பான செவித்திறன் உள்ளவர் ஒலிப்பானை முன்போலவே உணர்வார். களைப்பு குறைவதால் கவனமும் கூடும். நகர நெரிசலில் மெதுவாகச் செல்லும்போதும், வனவிலங்குகள் சாலையைக் கடக்கும் சின்னாறு போன்ற காட்டுப் பாதையில் ஊர்ந்து செல்லும்போதும் காற்றோசை இல்லாமையால் அடைப்பானும் தேவையில்லை. ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. காதில் சீழ் வடிதல், செவிப்பறையில் துளை, மிகுந்த குறும்பி ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் காணாமல் எதையும் காதுக்குள் செலுத்தலாகாது. ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் பயன்படுத்தலாகாது. நுரை அடைப்பான் அழுக்கேறியதும் எறிந்துவிட வேண்டும். மலையிலிருந்து இறங்குமுன் இறுக்கமான சிலிக்கான் அடைப்பானைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது அழுத்தம் சமநிலை அடைய உதவும். பாட்டுக் கேட்பதற்கான ‘இயர் போன்’ செவியடைப்பான் ஆகாது. காற்றோசையை வெல்லும் அளவுக்குப் பாட்டின் ஒலியைக் கூட்டினால், ஓர் இரைச்சலோடு மற்றோர் இரைச்சலும் சேரும்; கவனமும் சிதறும்.

தலைக்கவசம்: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தலைக்கவசம் தலையைக் காக்கவே வடிவமைக்கப்பட்டது. இரைச்சலைத் தடுக்க அன்று. ஆயினும் நல்ல தலைக்கவசம் இரைச்சலைக் கூட்டாது. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்ற இருசக்கர வாகனத் தலைக்கவசங்களை மட்டுமே விற்கலாம். ஐ.எஸ். 4151 என்னும் எண்ணும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது முதல் கடமை.

முகம் முழுவதையும் மூடும் வகையே காற்றோசைக்கு ஏற்றது. அணிந்து தலையை அசைக்கும்போது தலைக்கவசம் தனியே நழுவக் கூடாது. கன்னத்துப் பஞ்சணை மெல்ல அழுத்த வேண்டும். முகத்திரை முழுதாக மூடி, ஓரங்களில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். திரையை ஒரு விரல் அளவு திறந்துவைத்து ஓட்டும் பழக்கம் இரைச்சலைப் பெருக்கும். கழுத்துப் பக்கத்து இடைவெளியை மெல்லிய கழுத்துறையால் நிரப்பலாம். அது வண்டியில் சிக்காதபடி சட்டைக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

வண்டியின் முன்புறம் காற்றுத் தடுப்புக் கண்ணாடி பொருத்துவோர் ஒன்றைக் கருத வேண்டும். கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று சுழலாக மாறி நேராகத் தலைக்கவசத்தில் மோதினால், கண்ணாடி இல்லாதபோதைவிட இரைச்சல் கூடும். உயரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, ஓசை குறையும் நிலையில் நிறுத்த வேண்டும். கைப்பேசிச் செயலி கொண்டு ஓடும் வண்டியில் அளக்க முயல்வது வீண். காற்று ஒலிவாங்கியின்மேல் மோதித் தவறான எண்ணையே காட்டும்.

பின்னிருக்கையில் அமரும் மனைவிக்கும் பெற்றோருக்கும் இவை யாவும் பொருந்தும். குழந்தைகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்லும்போது தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் அணிவிக்க வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்னும் மத்திய அரசின் விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. விபத்தைக் கருதி வகுக்கப்பட்ட இவ்வேக வரம்பு குழந்தையின் செவியையும் சேர்த்தே காக்கிறது.

சட்டமும் செலவும்

இருசக்கர வாகனங்களின் ஒலிக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் உற்பத்தி நிலையிலேயே வரம்பு வகுத்துள்ளன. எஞ்சின் திறன் 80 சி.சி. வரை 75 டெசிபல், 80 முதல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல். இவை வண்டி கடந்து செல்லும்போது 7.5 மீட்டர் தொலைவில் அளக்கப்படுபவை. சைலன்சரை மாற்றிய நொடியில் இச்சான்று பொருளற்றதாகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஒலி மாசு வரம்பை மீறி வண்டி ஓட்டுவோருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. ஓட்டுநர் உரிமமும் 3 மாதம் தகுதியிழக்கும். அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ உண்டு. கேரள மோட்டார் வாகனத் துறை 2022 பிப்ரவரியில் ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்ற பெயரில், மாற்றியமைத்த சைலன்சர்களைக் கண்டறியத் தனிச் சோதனையே நடத்தியது. எல்லை கடந்து செல்லும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளுக்கும் இச்சட்டம் ஒன்றே.

மலைநாடுகளில் இது உலகளாவிய சிக்கல். ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் ஓசை எழுப்புவதாகப் பதிவான மோட்டார் சைக்கிள்கள் கோடைக் காலத்தில் சில மலைச்சாலைகளில் நுழைய 2020 முதல் தடை உள்ளது. பள்ளத்தாக்கில் வாழ்வோரின் உறக்கத்துக்காக எடுத்த முடிவு அது. நம் தேயிலை, ஏலத்தோட்டங்களின் லயன் வீடுகள் பலவும் சாலையை ஒட்டியே உள்ளன. அதிகாலையில் வேலைக்கு எழும் தொழிலாளிக்கும் அதே உறக்கம் தேவை.

வங்கிக் கடன் பெற்று வாங்கிய வண்டியில் மாற்றம் செய்வதற்கு முன் கடன் ஒப்பந்தத்தையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பதிவுச் சான்றில் இல்லாத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது வினாக்களை எழுப்பும்.

மறுபுறம், செவித்திறன் குறைந்தபின் ஆகும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தரமான செவித்துணைக் கருவி ஆயிரக்கணக்கில் விலை உடையது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. மின்கலச் செலவு தனி. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் இக்கருவியின் விலை அடங்குவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு காதுகளிலும் பேச்சொலி அதிர்வெண்களில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவர் செவித்திறன் குறைந்தவர் என்னும் வரையறைக்குள் வருவார். இரைச்சலால் வரும் இழப்பு பெரும்பாலும் அவ்வெல்லைக்கு முன்பே ஒருவரின் தொழிலைப் பாதிக்கத் தொடங்கிவிடும். அதாவது துன்பம் இருக்கும், சான்றிதழ் இராது.

வண்டியைப் பேணுதலும் செவியைச் சோதித்தலும்

மழை மிகுந்த இடுக்கியில் சைலன்சரின் அடிப்பகுதியில் நீர் தங்கித் துருப்பிடித்துத் துளை விழுவது வழக்கம். எஞ்சினோடு இணையும் இடத்துக் கேஸ்கெட் தேய்ந்தால் படபடவென்ற ஓசை எழும். தளர்ந்த சங்கிலியும், திருகாணி கழன்ற வெப்பத் தடுப்புத் தகடும் ஓசையைக் கூட்டும். ஆண்டுதோறும் பருவமழை முடிந்தபின் இவற்றைப் பார்த்துச் சரிசெய்தால் செலவும் குறையும், ஓசையும் குறையும்.

செவியைச் சோதிக்க வீட்டிலேயே ஓர் எளிய வழி உண்டு. காலையில் புறப்படுமுன் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ செய்தியை வைத்து, சொற்கள் விளங்கும் மிகக் குறைந்த அளவுக்கு ஒலியைக் குறைத்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பியதும், வீடு அதே அமைதியில் இருக்கும்போது, அதே அளவில் மீண்டும் கேளுங்கள். சொற்கள் விளங்காவிடில் அன்றைய பயணம் செவியின் வரம்பை மீறியது என்று பொருள். இது அடிக்கடி நிகழ்ந்தால் காத்திராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செவித்திறன் சோதனை செய்யப்படுகிறது. நெடுந்தொலைவு ஓட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்து, வரைபடத்தைப் பாதுகாத்து, அடுத்த ஆண்டு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 3ஆம் நாளை உலகச் செவித்திறன் நாளாகக் கடைப்பிடிக்கிறது. மறவாமலிருக்க அந்நாளையே சோதனை நாளாகக் குறித்துவைக்கலாம். திடீரென்று ஒரு காது மட்டும் கேளாமற்போனால் அது அவசர நிலை. ஓரிரு நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

புதிய வண்டிக்குக் கடன் விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்கள் தங்கள் செலவுத் திட்டத்தில் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: முகம் முழுவதும் மூடும் முத்திரை பெற்ற தலைக்கவசம், பின்னிருக்கையில் அமர்பவருக்கு மற்றொன்று, இருவருக்கும் செவியடைப்பான்கள். முதல் இரண்டும் வண்டி விலையில் சிறு பங்கு. மூன்றாவது, ஒரு முறை எரிபொருள் நிரப்பும் செலவுக்கும் குறைவு. எதிர்க்காற்று வீசும் நாளில் வாளையாற்றைக் கடப்பவர் வேகத்தை 10 கிலோமீட்டர் குறைத்தால் வீடு சேரச் சில நிமிடங்கள் தாமதமாகும். அதற்கு ஈடாக, மாலையில் பிள்ளைகள் தாழ்ந்த குரலில் சொல்வதையும் அவர் ஒரே முறையில் கேட்டு விளங்கிக்கொள்வார்.